ஹ்ரூஸ்கா வீட்டு வாத்து விருந்து

"நபரின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். முடி நரை. கண்ணாடி அணிபவர். நடத்தை: கூச்சலிடக்கூடியவர், எச்சரிக்கைக்கு அடங்காதவர், அரசு ஊழியர்களிடையே அச்சத்தை உண்டாக்குபவர். ஆயுதம்: தெரிந்தவரை இல்லை. மேற்படி நபர் தொண்ணூறு நாட்களுக்கு மாவட்ட மன்றக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் காலடி வைக்கக் கூடாது."

இது 1994 பிப்ரவரியில் எங்கள் கோல்டர் மாவட்ட ஷெரிஃப் அலுவலகம் ஆர்லிஸ் குபிசெக்கின் பெயரில் கொடுத்த தாக்கீது. உயரம் சரி. கண்ணாடியும் சரி. மற்றபடி அந்த அறுபத்தாறு வயதுப் பெண்மணி கூச்சலிட்டு யாரும் கேட்டதில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தியதற்கே குரல் எழும்பாததுதான் காரணம். தாக்கீதைக் கொண்டுவந்த காவலர் ரான், சின்ன வயதில் அவரிடம் ஞாயிறு வகுப்பில் ஜெபம் படித்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காகிதத்தை நீட்டிவிட்டு, "அந்த வார்த்தையெல்லாம் நான் போட்டதில்லைங்க" என்றார். ஆர்லிஸ் அவரை உட்காரவைத்து காபியும் கேக்கும் கொடுத்தார். அச்சத்துக்கு ஆளான அரசு ஊழியர் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை எங்கள் கார்லோவ் ஊரின் 'கார்லோவ் கொரியர்' பத்திரிகையில் அந்தத் தாக்கீது ஒரு வரி விடாமல் வந்தது. ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வரும் எதையும் எங்கள் பத்திரிகை விட்டுவிடுவதில்லை. அதைத் தட்டச்சு செய்து பக்கத்தில் ஏற்றியவர் மேற்படி நபர்.

கொரியர் வாரம் ஒருமுறை வரும். உரிமையாளரும் ஆசிரியரும் வாரன் டிக்கி. விளம்பரம் பிடிப்பதும், கால்பந்து ஆட்டத்தைப் படம் எடுப்பதும், எதற்கும் ஒரு பெருமூச்சு விடுவதும் வாரனின் வேலை. மீதி எல்லாம் ஆர்லிஸ். இறப்புச் செய்தி, பள்ளிக்கூட மதிய உணவுப் பட்டியல், மழை அளவு, மாவட்ட மன்றக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக 'அக்கம் பக்கம்'. தன்னைப் பத்திரிகையாளர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கூச்சம். அது தொலைக்காட்சியில் குடை பிடித்துக்கொண்டு புயலில் நிற்பவர்களுக்கான பட்டம் என்று நினைத்தார். சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசுவது அநாகரிகம் என்பதும் அவருடைய கொள்கை. அப்படிப்பட்டவர் மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை, பதினெட்டு வருஷமாக, மன்றக் கூட்டத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, சாலைக்குச் சரளை போடுவதிலிருந்து எலிப்பொறி வாங்குவதுவரை எழுதிக்கொண்டு வந்தார்.

'அக்கம் பக்கம்' பற்றிச் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தார்கள் என்பதுதான் அதில் வரும் ஒரே செய்தி. வந்தவர்களின் பெயர், ஊர், என்ன பரிமாறினார்கள், சாப்பிட்டபின் பொழுதை எப்படிக் கழித்தார்கள். வீட்டுக்காரி தானே தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஆர்லிஸ் கேட்டு எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவார். வியாழக்கிழமை அது அச்சில் வரும். வெளியூரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவர் அதை வாசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் ஊரில் ஜனாதிபதி யார் என்று தெரியாமல் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். பக்கத்துப் பண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த கார் யாருடையது என்று தெரியாமல் இருக்க முடியாது.

அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. சொன்ன பெயரைப் பிறகு எடுக்க முடியாது. 1956-இல் ஒரு மாமியார், விருந்துக்கு வந்த மருமகளின் பெயரைக் கடைசி நேரத்தில் எடுக்கச் சொல்லி, ஆர்லிஸ் எடுத்துவிட்டார். அப்போது அவர் வேலைக்குப் புதிது. அந்தக் குடும்பம் பதினோரு வருஷம் இரண்டு தேவாலயங்களாகப் பிரிந்து கும்பிட்டது. அதற்குப்பின் அவர் யாருக்காகவும் எடுத்ததில்லை. "வந்தவங்க வந்தவங்கதான்" என்பார். அமெரிக்க அரசியல் சட்டத்தில் பேச்சுரிமைக்கு எத்தனை வியாக்கியானம் உண்டோ எனக்குத் தெரியாது. கார்லோவில் அதற்கு இந்த இரண்டு வார்த்தைதான்.

தாக்கீது வரக் காரணமான கூட்டம் ஜனவரிக் கடைசியில் நடந்தது. மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர். தலைவர் டுவேன் ஹ்ரூஸ்கா, ஆர்லிஸுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒவ்வொரு தேர்தலிலும் ஆர்லிஸின் ஓட்டு அவருக்குத்தான். அன்று மாவட்ட முதியோர் இல்லத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் டுவேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனி மூடிய கூட்டம்" என்றார். வந்திருந்த இரண்டு விவசாயிகள் எழுந்து போனார்கள். ஆர்லிஸ் எழவில்லை. மூடிய கூட்டம் என்றால் எதற்காக என்று வாய்விட்டுச் சொல்லி, எல்லோரும் பார்க்க ஓட்டெடுத்து, பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். அது மாநிலச் சட்டம். அந்த அறைச் சுவரிலேயே அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

"எதுக்குன்னு சொல்லுங்க தலைவரே, எழுதிக்கிட்டு எழுந்திரிக்கிறேன்" என்றார் ஆர்லிஸ். வெளியே "டுவேன், நீ" என்று பேசுகிறவர், அந்த அறைக்குள் எப்போதும் "தலைவரே, நீங்க" என்பார். அந்த மரியாதையைக் கேட்டால் டுவேன் நாற்காலியில் நெளிவார்.

டுவேனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் வியாழக்கிழமை அச்சில் வரும். இல்லத்தை ஓமாஹா நகரத்தில் இருக்கிற ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு படுக்கை. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அங்கே அப்பாவோ அத்தையோ இருந்தார்கள். இல்லத்தை நடத்துவதில் மாவட்டத்துக்கு முதுகு ஒடிகிறது என்பது உண்மை. அதை மக்களிடம் சொல்வதைவிட ஒடிந்த முதுகோடு இருப்பது மேல் என்று மன்றம் நினைத்ததும் உண்மை.

நாற்பது நிமிஷம் ஐந்து பேரும் ஆர்லிஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்து, பாதியை உறுப்பினர் எமில் ஸ்டாஸ்னிக்கு நீட்டினார். எமில் வாங்கிச் சாப்பிட்டார். அது மன்றத்தின் ஒற்றுமைக்கு நல்லதாக அமையவில்லை. கூட்டம் கலைந்தது. மறுவாரம் தாக்கீது வந்தது.

இரண்டாம் தளம் இல்லையென்றால் கீழே தரையோடு இருக்கிற முதல் தளம். அடுத்த செவ்வாயிலிருந்து ஆர்லிஸ் மாடிப்படியின் அடியில், கடைசிப் படியைத் தொடாமல், மடக்கு நாற்காலி போட்டு பிளாஸ்க் காபியோடு உட்கார்ந்தார். மேலே போகிற உறுப்பினர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இறங்கி வரும்போது, இன்றைக்கு என்ன முடிவாச்சு என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். லோவெல் பைஃபர் என்ற உறுப்பினர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, மழை வரும் போல இருக்கு என்று சொல்லிவிட்டு நழுவினார். வியாழக்கிழமை கொரியரில், மன்றக் கூட்டச் செய்தி வருகிற இடத்தில், "மழை வரும் போல இருக்கிறது என்று உறுப்பினர் பைஃபர் தெரிவித்தார். வேறு முடிவு எதுவும் தெரிவிக்கப்படவில்லை" என்று இருந்தது. மீதிப் பத்தியை வெள்ளையாகவே விட வேண்டும் என்றார் ஆர்லிஸ். வாரனுக்கு வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் வலிக்கும். பாதி வெள்ளைக்குச் சம்மதித்து, மீதியில் டயர் விளம்பரத்தைப் போட்டார்.

மூடிய கதவுக்குள்ளும் மன்றத்தால் நிம்மதியாகப் பேச முடியவில்லை. ஐவரில் ஒருவரான பெர்னடீன் நோவோட்னி இல்லத்தை விற்பதற்கு எதிர்ப்பு. இன்னொரு உறுப்பினர் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. விற்க நினைத்தவர்கள் மூன்று பேர்: டுவேன், லோவெல், எமில். மூன்று பேர் ஓரிடத்தில் கூடிப் பேசினால் அதுவே கூட்டம். அறிவிப்புக் கொடுத்து, கதவைத் திறந்து வைத்துத்தான் பேச வேண்டும். இதில் எங்கள் மன்றத்துக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. கூட்டம் முடிந்து காபிக் கடைக்குப் போனால் ஒரு மேசைக்கு இரண்டு பேருக்குமேல் உட்கார மாட்டார்கள். அடுத்த மேசையில் இருப்பவரிடம் கடை முழுக்கக் கேட்கும்படி கத்திப் பேசுவார்கள். இரண்டு மேசையாக இருந்தால் சட்டம் மீறப்படவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் கார்லோவில் எந்த ரகசியமும் இரட்டிப்புச் சத்தத்தில்தான் பேசப்பட்டது.

அந்தப் பழக்கம் உடைந்தது மார்ஜீனால். மார்ஜீன், டுவேனின் மனைவி. ஆர்லிஸின் நாற்பது வருஷத் தோழி. பிப்ரவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் ஆள் ஓமாஹாவிலிருந்து வருவதாக இருந்தது. வீட்டிலேயே பேசிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்று டுவேன் ஏற்பாடு செய்தார். வெளியூர் விருந்தாளி வருகிறார், உறுப்பினர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள் என்றதும் மார்ஜீன் இரண்டு வாத்து வறுத்தார். டுவேன் தயங்கித் தயங்கி, ஆம்பளைகளை இரண்டு மேசையாக உட்காரவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். விருந்தாளிகளைப் பிரித்து உட்காரவைப்பது அகதி முகாமில் செய்கிற வேலை என்று மார்ஜீன் சொல்லிவிட்டார். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மார்ஜீன் கொரியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். முப்பத்தெட்டு வருஷமாக எந்த விருந்துக்கும் செய்கிறதுதான். ஓமாஹாவிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து தன் கையால் சமைத்த வாத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை ஊருக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே முடியாது. டுவேன் ரகசியம் என்று சொன்னது இல்லத்தைப் பற்றி. வாத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்லிஸ் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். லோவெல் பைஃபர் தம்பதி. எமில் ஸ்டாஸ்னி தம்பதி. மூன்றாவது உறுப்பினராக வீட்டுக்காரரே இருக்கிறார் என்பது அப்போதே உறைத்தது. ஓமாஹாவிலிருந்து திரு. கிரெய்க் ஆல்வுட். என்ன வேலை என்று கேட்டார். எல்லா வெளியூர் விருந்தாளிக்கும் கேட்கிற கேள்விதான். முதியோர் இல்லங்கள் நடத்துகிற கம்பெனி என்று பதில் வந்தது. அதையும் தட்டினார்.

"சாப்பிட்டப்புறம் என்ன பண்ணீங்க மார்ஜீன்? பிட்ச் ஆடினீங்களா?" அதுவும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. எங்கள் பக்கம் ஞாயிறு மதியச் சீட்டாட்டம் என்றால் பிட்ச்தான்.

"நாங்க பொம்பளைங்க ஆடினோம். ஆம்பளைங்க எங்க வந்தாங்க? சாப்பாட்டு மேசை பூரா காகிதத்தப் பரப்பிக்கிட்டு, இல்லத்த எப்படிக் கைமாத்துறதுன்னு நாலு மணிவரைக்கும் அதே பேச்சு. மேசை விரிப்ப மாத்தக்கூட விடல. கிரேவி பட்ட விரிப்பு மேலயே பேப்பர வச்சிருக்காங்க."

ஆர்லிஸ் எழுதி முடித்து, திரும்பப் படித்துக் காட்டினார். வழக்கமாக ஒரு தடவை படிப்பார். அன்று இரண்டு தடவை, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நடுவில் தோழி ஒரு முறை யோசித்துப் பார்க்கட்டும் என்று இடம் விட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். மார்ஜீன் யோசித்துப் பார்த்து, ஒரு திருத்தம் சொன்னார். உருண்டைகள் மாவு உருண்டை இல்லை, உருளைக்கிழங்கு உருண்டை.

பத்தி இப்படி அமைந்தது:

"டுவேன், மார்ஜீன் ஹ்ரூஸ்கா தம்பதி ஞாயிறன்று அளித்த மதிய விருந்தில் லோவெல் பைஃபர் தம்பதி, எமில் ஸ்டாஸ்னி தம்பதி, ஓமாஹாவில் முதியோர் இல்லங்கள் நடத்தும் கம்பெனியைச் சேர்ந்த திரு. கிரெய்க் ஆல்வுட் ஆகியோர் கலந்துகொண்டனர். வறுத்த வாத்து, புளித்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை, கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டி ஆகியவை பரிமாறப்பட்டன. பிற்பகலில் பெண்கள் பிட்ச் ஆடினார்கள். ஆண்கள் நான்கு மணிவரை மாவட்ட முதியோர் இல்லத்தைக் கைமாற்றுவது பற்றிப் பேசினார்கள்."

செவ்வாய் காலை, கஞ்சி குடிக்கும்போது, வியாழக்கிழமை நம் வீட்டு விருந்து வரும் என்று மார்ஜீன் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டுவேன் கஞ்சியை முடிக்கவில்லை. ஒன்பதே காலுக்கு கொரியர் அலுவலகக் கதவு திறந்தது. வாரன் பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் தட்டச்சான பத்திகளைக் கீற்றாக வெட்டி, பின்னால் மெழுகு தடவி, அட்டையில் ஒட்டுவார்கள். ஒட்டி முடிந்த அட்டைகளை முப்பத்தெட்டு மைல் தள்ளி இருக்கும் அச்சகத்துக்குத் தன் பழைய பிக்கப் வண்டியில் எடுத்துப் போவது ஆர்லிஸ்.

டுவேன் தொப்பியைக் கழற்றவில்லை. "அத எடுத்துடு ஆர்லிஸ்."

"எத?"

"எதன்னு உனக்குத் தெரியும். அது கூட்டம் இல்ல. சாப்பாடு."

"அதனாலதான் அக்கம் பக்கத்துல போகுது. கூட்டம்னு நீ சொன்னா சொல்லு, முதல் பக்கத்துக்கு மாத்திடுறேன்."

வாரன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். டுவேன் அவர் பக்கம் திரும்பி, மாவட்டத்தின் அரசு அறிவிப்புகள் எல்லாம் இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகைக்குத்தான் வருகின்றன, பக்கத்து ஊரிலும் ஒரு பத்திரிகை இருக்கிறது என்று நினைவூட்டினார். குரலை உயர்த்தவில்லை. டுவேன் கெட்ட மனிதர் இல்லை. பனிக்காலத்தில் தானே டிராக்டரில் வந்து விதவைகள் வீட்டு வாசலைச் சுத்தம் செய்வார். நல்ல மனிதர்கள் மிரட்டும்போது அதில் ஒரு வருத்தம் கலந்திருக்கும்; கேட்பவர் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அரசு அறிவிப்புகள் போனால் கொரியர் ஒரு வருஷம் தாங்காது. அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

டுவேன் போனபின் வாரன் பெருமூச்சு விட்டார். இந்த ஒரு தடவை எடுத்துவிடு, தலைப்பு வைத்துத் தலையங்கம் வேண்டுமானால் அடுத்த மாதம் எழுதலாம், பொதுவாக, யார் பெயரும் சொல்லாமல் என்றார்.

"ஒரு வீட்ட மட்டும் எடுக்க மாட்டேன்" என்றார் ஆர்லிஸ். "எடுக்கிறதுன்னா எல்லாத்தையும் எடு. இந்த வாரம் நாப்பத்தொரு வீடு இருக்கு. நாப்பத்தொரு பேருக்கும் நீயே போன் போட்டுச் சொல்லு, உங்க விருந்து வராதுன்னு. எட்னா கிளிமாகிட்ட இருந்து ஆரம்பி. அவங்க அம்பதாவது கல்யாண நாள்."

வாரன் எட்னா கிளிமாவை நினைத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், மாவட்ட மன்றமே மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் அவருக்கும் வீடு, கடன், கல்லூரியில் படிக்கிற மகள் என்று பயப்படக் காரணங்கள் இருந்தன. அட்டையிலிருந்து ஹ்ரூஸ்கா வீட்டுக் கீற்றை நகத்தால் நெம்பி எடுத்தார்.

அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. மார்ஜீன். அழுதுகொண்டிருந்தார். டுவேன் வீட்டில் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு விருந்து குற்றமாகியிருந்தது.

"நான் உன்ன நம்பித்தானே சொன்னேன் ஆர்லிஸ். பத்திரிகைக்கா சொன்னேன்?"

"பத்திரிகைக்குத்தான் சொன்ன. முப்பத்தெட்டு வருஷமா பத்திரிகைக்குத்தான் சொல்ற."

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? இத போட்டா வம்பு வரும்னு ஒரு வார்த்த?"

இந்தக் கேள்விக்கு ஆர்லிஸிடம் நல்ல பதில் இல்லை என்பதை அவர் பின்னாளிலும் மறுத்ததில்லை. இரண்டு தடவை படித்துக் காட்டியதற்கு மேல் தனக்குச் செய்யத் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?" என்று தோழியைத் திருப்பிக் கேட்டார். "வாத்த மட்டும் போடு, ஆளுங்கள விட்டுடுன்னு சொல்லியிருப்ப. உன் வீட்டுக்கு வந்தவங்கள மறைக்க வேண்டியிருக்குன்னா, தப்பு நான் எழுதினதுல இல்ல மார்ஜீன். உன் மேசையில என்ன பேசினாங்களோ அதுல இருக்கு. எங்க அத்த படுத்திருக்கிற கட்டில உங்க வீட்டு விரிப்பு மேல வச்சு வித்துக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்குத் தெரிய வேணாமா?"

மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது. ஆர்லிஸ் ரிசீவரை மெல்லக் கீழே வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை வாரன் பார்த்தார். பார்த்ததை மறைக்க, ஜன்னலுக்கு வெளியே போன தானிய லாரியைப் பார்ப்பதுபோல் நின்றார்.

வாரன் டிக்கி கோழை. அதை அவரே சொல்வார். கோழைகளில் ஒரு வகை உண்டு. தைரியமாக எதையும் செய்ய மாட்டார்கள், ஆனால் தைரியத்தைத் தடுக்கவும் அவர்களுக்குத் தைரியம் வராது. பிடுங்கிய கீற்றை அவர் குப்பையில் போடவில்லை. மேசை ஓரத்தில் ஒட்டி வைத்தார். மெழுகில் இன்னும் பிசுக்கு இருந்தது. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார்.

"நான் காபி குடிக்கப் போறேன். முக்கால் மணி ஆகும்."

"சரி."

"பக்கத்த நான் திரும்பப் பார்க்க மாட்டேன். கண்ணு வலிக்குது."

"கண்ண பார்த்துக்கோ வாரன்."

அவர் போனார். ஆர்லிஸ் அளவுகோலை வைத்து, கீற்றை அதன் பழைய இடத்தில், எட்னா கிளிமாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு நேர் கீழே, கோணாமல் ஒட்டினார். உருளையால் இரண்டு முறை அழுத்தினார். அட்டைகளைப் பெட்டியில் வைத்து, பிக்கப்பின் முன்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி, முப்பத்தெட்டு மைல் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எங்கும் நிற்கவில்லை. வழக்கமாக நிற்கிற இடத்தில், ஆப்பிள் பை கிடைக்கிற கடையில்கூட.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் மாவட்டம் முழுவதும் ஆறாம் பக்கத்தைப் படித்துவிட்டது. முதல் பக்கத்தில் அன்று நான்கு பத்திச் செய்தி ஒன்று இருந்தது. அது எதைப் பற்றி என்று யாருக்கும் ஞாபகமில்லை.

பெரிய நகரத்துப் பத்திரிகையாக இருந்தால் அம்பலம், ரகசியச் சந்திப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், டுவேன் மறுத்திருப்பார், பாதிப் பேர் அவரை நம்பியிருப்பார்கள். இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரியே சொன்ன விருந்து. வரவில்லை என்று லோவெல் சொன்னால் மார்ஜீன் பொய் சொன்னதாகும். பேசவில்லை என்று எமில் சொன்னால், நான்கு மணிவரை என்ன செய்தார் என்று எமிலின் மனைவி கேட்பார். அவர் பக்கத்து அறையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்.

மன்ற உறுப்பினர் பெர்னடீன் நோவோட்னி கையில் பத்திரிகையோடு மாவட்ட வழக்கறிஞரின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். அவர் இல்லத்துக்காகப் போராடினார் என்று இன்று ஊரில் சொல்கிறார்கள். அன்று அங்கே இருந்த குமாஸ்தா சொல்வது வேறு. சட்டம் மீறப்பட்டதைவிட, தன்னைக் கூப்பிடாமல் வாத்து பரிமாறியதுதான் அவருக்கு அதிகம் உறைத்திருந்தது. "கொலாச்சி வேறயா?" என்று கேட்டாராம். பொதுநலத்துக்கு ஆட்களைத் திரட்ட இதைவிட மோசமான காரணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கறிஞர் பத்தியை மூன்று முறை படித்தார். மூன்று உறுப்பினர், ஒரே மேசை, மாவட்டச் சொத்து, நான்கு மணி. அந்த மேசையில் முடிவானது எதுவும் முடிவு ஆகாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து, அறிவிப்புக் கொடுத்து, கதவைத் திறந்து வைத்துப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே, தாக்கீது என்று ஒரு காகிதம் சுற்றுகிறதே, அது நீதிமன்றத்துக்குப் போனால் தான் ஷெரிஃப் பக்கம் நிற்கப் போவதில்லை என்றும் சொல்லி அனுப்பினார். ஷெரிஃப் அதை ரத்து செய்ததாக யாருக்கும் கடிதம் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆர்லிஸ் மடக்கு நாற்காலியை வீட்டில் விட்டுவிட்டு, மாடி ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காவலர் ரான் கதவைத் திறந்துவிட்டார்.

இல்லத்தைப் பற்றிய கூட்டம் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் நடந்தது. முந்நூறு பேர் வந்தார்கள். கம்பெனிக்காரர் படம் போட்டு விளக்கினார். எழுபத்தொன்பது வயது விவசாயி ஒருவர் எழுந்து, தன் மனைவி அங்கே இருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டுவேன் முதல் தடவையாகக் கணக்குவழக்கை எல்லோர் முன்னாலும் விரித்து வைத்தார். பலருக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இதை முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற ஓட்டில் இல்லம் மாவட்டத்திடமே நின்றது. எமில் மறுபக்கத்துக்கு மாறியிருந்தார். சாண்ட்விச் காரணமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

நல்லது வென்றது என்று இதை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆறு வருஷம் கழித்து இல்லம் விற்கப்பட்டது, வேறொரு கம்பெனிக்கு. ஆனால் நான்கு கூட்டம் போட்டு, எல்லோரும் கத்தி, எல்லோரும் கேட்டு, எல்லோரும் பார்க்க விற்றார்கள். தவறாகவே இருந்தாலும் அது நாங்கள் செய்த தவறு. அரசு அறிவிப்புகள் ஒரு வருஷம் பக்கத்து ஊர்ப் பத்திரிகைக்குப் போயின. வாரன் தன் வண்டியை விற்று அந்த வருஷத்தைக் கடந்தார். பிறகு அவை திரும்பி வந்தன, ஏனென்றால் பக்கத்து ஊர்ப் பத்திரிகையை எங்கள் மாவட்டத்தில் யாரும் படிக்கவில்லை. ஆர்லிஸ் அடுத்த தேர்தலிலும் டுவேனுக்கே ஓட்டுப் போட்டார். அதைப் பற்றிக் கேட்டபோது, சாலைக்குச் சரளை ஒழுங்காகப் போடுகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள் என்றார்.

மார்ஜீன் எட்டு மாதம் பேசவில்லை. தேவாலயத்தில் இருவரும் ஒரே வரிசையில், நடுவில் மூன்று பேர் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். அந்த எட்டு மாதமும் ஹ்ரூஸ்கா வீட்டு விருந்து எதுவும் அச்சில் வரவில்லை. ஆர்லிஸுக்கு அது வலித்தது. அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. மார்ஜீனின் பேரனுக்கு ஞானஸ்நானம் ஆன மறுநாள் தொலைபேசி வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. இருபத்து மூன்று பெயர்களை மார்ஜீன் வரிசையாகச் சொன்னார், ஆர்லிஸ் தட்டினார், படித்துக் காட்டினார், சரி என்றார் மார்ஜீன்.

ஆர்லிஸ் 2003-இல் இறந்தார். இரங்கல் கூட்டத்துக்கு மாநிலத் தலைநகரிலிருந்து பத்திரிகையாளர் சங்கத்தார் வந்து, அச்சமற்ற குரல், மக்களாட்சியின் காவலர் என்றெல்லாம் பேசினார்கள். பின்வரிசையில் இருந்த எங்களுக்கு அவர்கள் வேறு யாரையோ அடக்கம் செய்ய வந்துவிட்டார்களோ என்று இருந்தது.

1994 பிப்ரவரிக் கடைசித் திங்கட்கிழமை, தோழி ஒருத்தி சொன்ன விருந்துச் செய்தியை ஆர்லிஸ் குபிசெக் சொன்னபடியே தட்டச்சு செய்தார். மறுநாள் அதை எடுக்கச் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை.